எது பட்டன், எது சுவர்?

2019 கடைசியில் டிசைனர்கள் படம் போட்டுக் காட்டும் டிரிபிள் தளத்தில் ஆப் திரைகளுக்கு ஒரு புது மோஸ்தர் கிளம்பியது: நியூமார்பிசம். பின்னணியும் பட்டனும் ஒரே வெளிர் சாம்பல். மேலே இடப்பக்கம் வெள்ளை நிழல் (ஆமாம், வெள்ளை), கீழே வலப்பக்கம் கறுப்பு நிழல். பட்டன்கள் வெந்த இட்லிபோல் உப்பி நின்றன. லைக் குவிந்தது.

அமுக்கினால் வெளிநிழல் உள்நிழலாகும். வெயிலில் போனைப் பிடித்தால் இரண்டும் ஒன்றே. பார்வை மங்கியவர்கள் கதி சொல்லவே வேண்டாம். பட்டனை அடையாளம் காட்டும் கோடோ நிழலோ பின்னணியிலிருந்து 3:1 அளவாவது வேறுபட வேண்டும் என்று இணைய அணுகல் விதி 2018இலேயே எழுதி வைத்திருந்தது. படித்தவர்கள் டிரிபிளில் இல்லை போலும். அங்கே வந்த திரைகளில் பெரும்பாலானவை வெறும் படங்கள்தானே. அவற்றில் யார் பணம் அனுப்பப் போகிறார்கள்?

2020 முடிவதற்குள் மவுசு பனிமூட்டக் கண்ணாடிப் பலகைகளுக்குத் தாவியது. அதில் பட்டன் தெரிந்தது. எழுத்துதான் தெரியவில்லை.