போக்கர் ஆசாரியர்

ஒரு வித்தையைக் கற்றுத் தேர்ந்தவர்கள் அதைப் பிறருக்குப் போதிப்பதில் அவ்வளவாகச் சிரத்தை காட்டுவதில்லை. அந்த உற்சாகமெல்லாம் அதை நேற்று மாலை கற்றுக்கொண்டவர்களுக்கே உரியது. அத்தகையோரில் தலைசிறந்தவர் நமது போக்கர் ஆசாரியர். கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, ஜமக்காளத்தை விரித்தவர்கள் ரம்மிக்கு ஒரு கை குறைகிறதென்று அவரை அழைத்துவிட்டால், அந்தப் பாமர விளையாட்டை நோக்கி ஓர் ஏளனப் புன்னகை புரிந்து, ஜோக்கர்களை ஈவிரக்கமின்றிப் பொறுக்கி எறிந்து, எஞ்சிய 52 சீட்டுகளின் முன் சம்மணமிட்டு, உபந்நியாசத்தைத் தொடங்கிவிடுவார். பணயத்துக்கு உக்கிராணத்திலிருந்து புளியங்கொட்டை வந்து சேரும்.

ஆளுக்கு ரகசியமாக இரண்டு சீட்டு. நடுவில் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டென்றும், அவற்றுள் ராயல் ஃப்ளஷ் என்னும் பரமபாக்கியம் நான்கே வழிகளில் சித்திக்குமென்றும், ஜோடியை இரட்டை ஜோடியும், அதை ஒரே எண்ணில் மூன்றும், அதைத் தொடர்வரிசையும், அதை ஓரினச் சீட்டுகள் ஐந்தும் வெல்லுமென்றும் சகஸ்ரநாமம்போல் அவர் ஒப்பித்து முடிக்கையில், மூலையிலிருந்த பெரியம்மா, "எல்லாம் சரிடா, இதிலே டிக்ளேர் எப்போ பண்றது?" என்று கேட்பாள்.

மோசமான சீட்டைக் கூச்சமின்றிக் கீழே வைப்பதே இந்த ஆட்டத்தின் பாலபாடம் என்பது அவர் வாக்கு. ஆரம்பக் கைகளில் அதமம் எனப் பெயர்பெற்ற, வெவ்வேறு இனத்து ஏழும் இரண்டும் தமக்கே வந்து சேர்ந்தாலோ, வலிய வந்த சீட்டை அவமதிக்கலாகாது என்று கடைசிக் கொட்டை வரையில் கட்டுவார்.

முகத்தில் ஒரு சலனமும் கூடாதென்பது அடுத்த உபதேசம். 221 முறைக்கு ஒருமுறை வாய்க்கக்கூடிய இரண்டு ஏஸ் அவர் கைக்கு வந்ததும், காது சிவக்கும், தண்ணீர் கேட்பார், அதுவரை அதட்டிக்கொண்டிருந்த குரல் குழைந்து, பெரியம்மாவின் மூட்டுவலியைப் பரிவோடு விசாரிக்கும். உடனே அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். ஆட்டந் தொடங்குமுன் இருவர் கட்டாயமாக வைத்த மூன்று கொட்டைகளே அந்த மகத்தான கைக்கு அவர் பெறும் சன்மானம்! பெரியம்மாவோ, எந்தச் சீட்டு வந்தாலும் வெற்றிலையை மென்றபடியே, விடிவதற்குள் பாதிக் கொட்டையை மடியில் கட்டியிருப்பாள்.

இவர் உங்களை ஆட்டத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். பாடம் கேட்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்துவிடாமல், முகம் நன்றாகத் தெரியும்படி எதிரே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.