பார்ட்டி வெளியூரு

சார்பதிவாளர் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதற்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தால் அதன் வாசலில் இவர் இருப்பார். வெள்ளைச் சட்டை, அக்குளில் ரெக்சின் பை, காதில் போன்.

"பார்ட்டி கெளம்பிடுச்சுண்ணா. செங்கல்பட்டு தாண்டிடுச்சாம். இன்னொரு பார்ட்டி இங்கதான் பன் தின்னுட்டு இருக்குது. ரெண்டு பார்ட்டியும் பேசிக்காம பாத்துக்கங்க."

இதில் எந்தப் பார்ட்டி வாங்குவது, எந்தப் பார்ட்டி விற்பது என்று இவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் போதும் என்பதுதான் இவர் கொள்கை.

புரோக்கர் என்றால் இவருக்கு முகம் சுருங்கும். விசிட்டிங் கார்டில் 'ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்' என்று போட்டிருக்கிறது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி ஏஜென்ட்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமே, செய்துவிட்டீர்களா என்று கேட்டால், "அதுக்கும் ஒரு பார்ட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்பார்.

நேரில் இவரைப்போல் மரியாதை தெரிந்தவர் கிடையாது. "வாங்க சார், உக்காருங்க சார், மேடம் டீயா காபியா?" என்று உருகுவார். சார் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அஃறிணை ஆகிவிடுவார். பார்ட்டி வந்துச்சு, பார்ட்டி பாத்துச்சு, பார்ட்டிக்குக் கிழக்குப் பாத்த மனைதான் வேணுமாம். ஓய்வுபெற்ற நீதிபதியே வந்துபோனாலும் 'வந்துச்சு'தான்.

பார்ட்டியில் பல சாதி உண்டு. முழுப்பணத்தையும் கையில் வைத்திருப்பது கேஷ் பார்ட்டி. இதற்கு இளநீர் வெட்டப்படும். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று என்று கேட்டு உயிரை வாங்குவது லோன் பார்ட்டி. இதற்கு அரை டீ. வீடியோ காலிலேயே மனையைச் சுற்றிப் பார்த்து, 'அந்தப் பனைமரம் நம்ம எல்லைக்குள்ள வருதா?' என்று கேட்பது துபாய் பார்ட்டி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, இவர் செலவில் சாப்பிட்டு, 'வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்' என்று போய்விடுவது சும்மா பார்ட்டி.

எல்லாவற்றிலும் இவர் பயப்படுவது வாத்தியார் பார்ட்டிக்கு. அது டேப்போடு வரும். ஒரு முறை நாற்பது சென்ட் நிலத்தைக் காட்டி, "சென்ட்டுக்கு 435 சதுர அடி சார்" என்று இவர் ஆரம்பித்தார்.

"435.6. அந்தப் புள்ளி ஆறு எங்க?"

"அது சும்மா புள்ளி சார்."

"நாப்பது சென்ட்டுக்கு 24 சதுர அடி. ஒரு கக்கூசே கட்டலாமே!"

அன்று முதல் கணக்கு வாத்தியார் என்றால் இவர் மனை காட்டுவதில்லை. "அந்த எடம் முடிஞ்சுடுச்சு சார்" என்று போனிலேயே முடித்துவிடுகிறார்.

நிலத்துக்காரர் கட்சிக்காரராக இருந்தால் பேச்சு இன்னும் சிக்கலாகும். "பார்ட்டி பார்ட்டில இருக்குது. பார்ட்டி வெச்சாத்தான் பார்ட்டி மசியும்." கேட்கிற உதவியாளப் பையன் தலையை ஆட்டிவிட்டு நேராக பிரியாணிக் கடைக்குப் போகிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஏன் யாருக்குமே பெயர் சொல்வதில்லை? ஞாபக மறதி என்று நினைத்துவிடக் கூடாது. இருபது வருடத்துக்கு முன் முடித்த மனையின் சர்வே எண்ணை உட்பிரிவோடு சொல்லுவார். பெயர்தான் இவருக்கு முதல். வாங்குகிறவர் பெயர் விற்கிறவருக்கும், விற்கிறவர் பெயர் வாங்குகிறவருக்கும் தெரிந்த நிமிடம் கமிஷன் காலி. அதனால்தான் எந்தப் பார்ட்டியைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்: "பார்ட்டி வெளியூரு." அந்த வெளியூர்ப் பார்ட்டி அடுத்த தெருவில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும். மனை காட்டப் போகும்போது, "நீங்க வாயே தொறக்காதீங்க சார், எங்க மாமா பையன்னு சொல்லியிருக்கேன்" என்பார்.

இவர் ஒருவர்தான் இப்படி என்றால் பரவாயில்லை. இவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். ஆளுக்கொரு பார்ட்டியை மறைத்து வைத்திருப்பார்கள். அதனால்தான் தொழிலில் 'டைரக்ட் பார்ட்டி' என்றால் அத்தனை மவுசு. ஒரு மூலை மனைக்கு டைரக்ட் பார்ட்டி கையில் இருப்பதாக ஒருவர் இவரிடம் சொன்னார். அவருக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று இரண்டு நாள் போன் போட்டுத் துரத்தியதில், கடைசியில் அகப்பட்ட டைரக்ட் பார்ட்டி இவரேதான்.

2016 பற்றி மட்டும் பேச்செடுக்கக் கூடாது. செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். "அந்த வருஷம் மனை இருந்தா பார்ட்டி இல்ல. பார்ட்டி இருந்தா துட்டு இல்ல."

பத்திரப்பதிவு அன்றுதான் குட்டு உடையும். பார்ட்டி எல்லாம் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்று உயர்திணைக்குத் திரும்பி, தகப்பனார் பெயர், ஆதார் எண், கைரேகை சகிதம் எதிரெதிரே உட்காருவார்கள். இவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் நிற்பார். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்து, இவரைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். அன்று மாலை டீக்கடையில் புலம்பல் நடக்கும்: "முத்திரைத்தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் ரெண்டு, ஆக நூத்துக்கு ஒம்போது ரூபா கவர்மென்ட்டுக்கு மூச்சு விடாம குடுக்குது. எனக்கு ரெண்டு ரூபா குடுக்க மூக்கால அழுவுது. என்ன பார்ட்டியோ!"

போன தை மாதம் மகள் கல்யாணத்துக்காக இவருடைய சொந்த மூன்று சென்ட்டையே விற்க வேண்டி வந்தது. தானே விற்றால் மதிப்பில்லை என்று, தொழில் கற்றுக்கொடுத்த பையனிடமே ஒப்படைத்தார். பையன் டீக்கடை ஓரமாகப் போய் நின்று போனில் ஆரம்பித்தான்: "நல்ல எடம்ணா. பார்ட்டிக்கு அவசரம், அடிச்சுப் பேசலாம்."

இவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். பையன் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"டேய், அவசரம்னு சொல்லாதடா, வெலை எறங்கிடும். பார்ட்டி வெளியூருன்னு சொல்லு."