சிற்றூரும் குவார்ட்டர்பேக்கும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் குவார்ட்டர்பேக்காகிப் பிரசித்தி அடையும் சிற்றூர்ப் பையனுக்குப் பிறகு ஊர் நினைவிருக்குமா?

பதில்: ஜோ பரோவுக்கு இருந்தது. ஒஹையோ மாநிலத்து ஏதென்ஸ் வட்டாரத்தில் வளர்ந்து, ஒஹையோ ஸ்டேட் அணியில் பெரும்பாலும் பெஞ்சிலேயே காலம் கழித்து, பிறகு லூயிசியானா ஸ்டேட்டுக்கு மாறி, எதிரணியார் மேலே பாய்ந்து விழுமுன் இரண்டு மூன்று வினாடிக்குள் ஆள் பார்த்துப் பந்தை எறியும் அந்தச் சாமர்த்தியத்தால் 2019 பருவத்தில் 60 டச்டவுன்களுக்கு வழிசெய்து, டிசம்பரில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது மேடையேறிய அவர், தம் பிரதாபத்தை விஸ்தரிக்காமல் (மார்தட்டிக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?), பள்ளி விட்டுப் பசியோடு வீடு திரும்பும் தம் ஜில்லாக் குழந்தைகளைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். அவர் எறிந்தவற்றில் நெடுந்தூரம் போனது அந்தப் பேச்சுத்தான்: ஊரின் உணவு உதவி நிலையத்துக்குச் சேர்ந்த நன்கொடை 5 லட்சம் டாலரைத் தாண்டியது.