அட்டையில் ஓர் அந்திவானம்

*இந்த இதழில்: கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளுக்கு மையைக் குழைத்துப் பின்னணி போடுவது பற்றி வாசகர் கேள்விகள்.*

? பிரஷ்ஷில் மையைத் தொட்டு அட்டையில் வைத்ததுமே திட்டு விழுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.
— வாசகி, மதுரை

முதல் தொடுகையை அட்டைக்குக் கொடுக்காதீர்கள். அடியில் விரித்திருக்கும் பழைய தாளுக்குக் கொடுங்கள். காய்ந்த அட்டை மை பட்ட நொடியில் உறிஞ்சிவிடும். பிரஷ்ஷில் இருப்பது மொத்தமும் ஒரே இடத்தில் இறங்குவதால்தான் திட்டு. இங்க் பேடில் ஒற்றிய பிறகு அடித்தாளில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். சுற்றுவதை நிறுத்தாமல் அப்படியே ஓரம் வழியாக அட்டைக்குள் வாருங்கள். கையின் கனம் பிரஷ்ஷில் இறங்கவே கூடாது. முதல் சுற்றில் நிறம் ஏறியதே தெரியாது. அவ்வளவு மை போதும். மேலே மேலே சுற்றச் சுற்ற, வெள்ளையிலிருந்து நிறம் மெல்ல மெல்ல எழுந்து வரும். அதைப் பார்க்கும் சுகத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

விழுந்துவிட்ட திட்டை அழிக்க முடியாது. சுற்றியுள்ள நிறத்தை அதன் அளவுக்கு ஏற்றி மறையுங்கள். அதுவும் முடியாவிட்டால், வாழ்த்து வாசகம் ஒட்ட இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

? ஜெராக்ஸ் தாளில் செய்தால் ஆகாதா?
— வாசகர், கரூர்

கை பழகுவதற்கு ஆகும். அட்டைக்கு ஆகாது. அது 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள். நாலு சுற்றிலேயே நெளியும், மேல்பரப்பு நூல் நூலாகப் பிரியும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையுள்ள வழவழப்பான வெள்ளை அட்டை கேளுங்கள். வழவழப்பு என்றால் பளபளப்பு அல்ல. மேற்பூச்சுள்ள ஆர்ட் கார்டில் மை உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கும். சிக்கனம் பண்ணுவதென்றால் மை நிறங்களைக் குறையுங்கள். மூன்று நிறமும் நல்ல அட்டையும் போதும்.

? அந்திவானம் வரைய மஞ்சளையும் ஊதாவையும் சேர்த்தேன். சேறுதான் வந்தது. ஏன்?
— வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் நிறச் சக்கரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பவை. எதிர் நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று மங்கடித்துப் பழுப்பாகிவிடும். சிவப்பும் பச்சையும் அப்படி, நீலமும் ஆரஞ்சும் அப்படி. நேருக்கு நேர் நிறுத்தாமல் நடுவில் தூது அனுப்புங்கள்: மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, அடுத்து இளஞ்சிவப்பு, கடைசியில் ஊதா. உண்மையான அந்திவானத்திலும் மஞ்சள் நேராக ஊதாவுக்குத் தாவுவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். அடர் நிறம் போட்டு முடித்ததும், இரண்டும் சந்திக்கும் கோட்டின் மேல் வெளிர் நிறத்தாலேயே மறுபடி சுற்றுங்கள். கோடு கரைந்துவிடும். இந்தத் திரும்பி வரும் சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மஞ்சள் தொட்ட பிரஷ் ஊதாப் பக்கம் போகவே கூடாது.

? பிளெண்டிங் பிரஷ் கட்டாயமா?
— வாசகர், நாகர்கோவில்

இல்லை. மேக்கப் ஸ்பாஞ்ச் போதும். நிறத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

? டிஸ்ட்ரெஸ் இங்க், டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு: எதை வாங்குவது?
— வாசகி, கோவை

முன்னது சாய மை. அட்டைக்குள் இறங்கி, கண்ணாடி போல அடிநிறத்தைக் காட்டும். 2017-ல் வந்த ஆக்சைடில் சாயத்தோடு நிறமித் தூளும் உண்டு. மேலே தங்கும், தண்ணீர் பட்டால் சுண்ணாம்புப் பூச்சு போல வெளுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு ஆக்சைடுக்கே. மெதுவாகக் காய்வதால் குழைக்க நேரம் தரும். விரல் நுனியால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். சொட்டு விழுந்த இடமெல்லாம் வெளிறி, வானத்தில் நட்சத்திரம் பூக்கும்.

? நிறத்துக்கு நடுவே எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கிறதே, எப்படி?
— வாசகர், யாழ்ப்பாணம்

எழுத்துதான் முதலில், நிறம் பிறகு. வெள்ளை அட்டையில் முகப்பவுடரை லேசாகத் தட்டித் துடையுங்கள், ஈரப்பசை போகும். நிறமற்ற ஒட்டு மையில் முத்திரை குத்தி, நிறமற்ற எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைக் கொட்டிவிட்டு ஹீட் கன்னால் சூடு காட்டுங்கள். தூள் உருகி எழுத்தின் மேல் மூடியாகிவிடும். அப்புறம் எந்த நிறத்தைத் தேய்த்தாலும் அடியிலுள்ள வெள்ளை அப்படியே இருக்கும். எழுத்தின் மேல் படிந்த மையை டிஷ்யூவால் துடைத்தால் போதும். தலைமுடி உலர்த்தும் டிரையர் வேண்டாம்; சூடு பற்றாது, தூளும் பறந்துவிடும்.

? நிறத்தை இப்படிக் கரையவிடுவது புது நாகரிகமா?
— வாசகர், சேலம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் வெளியிட்ட எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தின் நூறு காட்சிகளைப் பாருங்கள். பல படங்களில் வானத்தின் உச்சியில் ஓர் அடர்பட்டை, கீழே வர வர ஒன்றுமில்லாமல் கரையும். பொக்காஷி என்பார்கள். அச்சடிப்பவர் மரக்கட்டையை ஈரப்படுத்தி, நிறத்தை ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியாகத் தடவி, தாள் வைத்துத் தேய்த்து எடுப்பார். அடுத்த பிரதிக்கு மறுபடி தடவ வேண்டும். எனவே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பெயர் ஓவியருக்குப் போனது. வானத்தைக் கரைத்த கை அச்சுக்காரருடையது. அவருக்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

? ஜன்னலோரம் வைத்த அட்டை வெளுத்துவிட்டதே?
— வாசகி, சென்னை

சாய மைக்கு வெயில் ஆகாது. ஆல்பத்தில் வையுங்கள்.

? பின்னணி மேல் பேனாவால் எழுதினால் மை பரவுகிறது.
— வாசகி, திண்டுக்கல்

மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். ஓரிரவு விட்டுவையுங்கள். அவசரமென்றால் தனி வெள்ளைத் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். எப்படியானாலும் பெறுபவரின் பெயரை உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். அதற்கு மட்டும் முத்திரை வேண்டாம்.