டைனோசர் மாமா

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் வல்வெட்டித்துறையில் மற்றவர்கள் எதிர்பார்ப்பது சொக்கிலேட்டும் சென்ற் போத்தலும். டைனோசர் மாமா எதிர்பார்ப்பது பாரமான படப்புத்தகம். “பேரனுக்கு” என்பார். பேரன் ஏ.எல். எழுதிவிட்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். புத்தகம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கப்பலில் உழைத்து ஓய்வுபெற்று வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கும். ஒருவர் பழைய ரேடியோ சேர்ப்பார், இன்னொருவர் பிறநாட்டுக் காசு. மாமாவின் வீட்டில் மாமியின் சேலைத் தட்டையும் டைனோசர்கள் பிடித்துவிட்டன.

“இஞ்சருங்கோ, இந்தப் பல்லியளை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோவன்.”

“பல்லி எண்டு சொல்லாதையும். இவையின்ர சொந்தக்காரர் கோழியள்.”

அன்றைக்கு வீட்டில் கோழிக்கறி கிடையாது.

புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அட்டையைப் பார்க்க மாட்டார். அட்டையில் வாய் பிளந்து நிற்பது வியாபாரம். முதலில் முதுகைப் புரட்டுவார்: நூலால் தைத்ததா, பசையால் ஒட்டியதா? பசைக்கட்டு எங்கள் உப்புக்காற்றில் இரண்டு சோளகம் தாங்காது. அடுத்தது பதிப்பாண்டு. பிறகு நேரே டிரெக்ஸின் பக்கம். “உள்ளங்கை ரெண்டும் ஒண்டையொண்டு பாக்கவேணும், கும்பிடப் போறவன்ர கை மாதிரி. இஞ்ச பார், இது ஆசீர்வாதம் பண்ணுது!” புத்தகம் மூடப்படும்.

கை தப்பினால் வால். அவருடைய பாட்டனார் ஓடாவி. இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் பிறந்தவருக்கு நிறை சமன் தெரியாதா? முன்பக்கப் பாரத்தைப் பின்வால் தூக்கிப் பிடிக்கவேண்டும். வால் நிலத்தில் இழுபட்டால் ஓவியர் பழைய காலத்து ஆள். அப்படிப்பட்ட புத்தகங்களை எறிவதும் இல்லை, “சரித்திரம்” என்று தனித்தட்டில் வைத்திருக்கிறார்.

ஸ்பைனோசரஸ் பக்கங்களில் பென்சில் கிறுக்கல் கிடக்கும். பேரன்தான் என்று வெகுகாலம் பேரனுக்கு ஏச்சு விழுந்தது. உண்மையில், மொரோக்கோவில் கிடைத்த வால் எலும்புகளைப் பற்றி 2020-இல் ஆய்வு வெளிவந்ததும், மெலிந்த வாலை எல்லாம் துடுப்பு வாலாகத் திருத்தியது மாமா. பிரோன்டோசரஸின் கதை இன்னும் மோசம். அது தனி இனமே அல்ல என்று 1903-இல் தள்ளிய செய்தியைப் படித்துப் பெயரை வெட்டினார். 2015-இல் ஓர் ஆய்வு அந்தப் பெயரை மீட்டதும் வெட்டிய கோட்டை அழிறப்பரால் அழித்தார். தாள் ஓட்டையாகிவிட்டது.

அவருக்குக் கைநூல் கிரெகரி போல் எழுதிய பிரின்ஸ்டன் வழிகாட்டி. கறுப்பு உடலுக்குள் வெள்ளை எலும்புக்கூடு வரைந்திருக்கும். சிறுபிள்ளைக்கு அது சரிவராது. மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசிப் பரீட்சை பெயர்ப்பட்டியலில். நர்மதைக் கரை ராஜாசரஸ் இருக்கிறதா? அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்து 1987-இல் பெயர் சூட்டிய புருஹத்காயோசரஸ்? அந்த எலும்புகள் பிறகு உதிர்ந்தே போய்விட்டன. ஆகவே அதை முழு வண்ணத்தில் வரைந்துவிட்டு, ஊகம் என்று ஒரு சொல்கூடப் போடாத புத்தகம் தோல்வி. இந்த விஷயத்தில் நான் மாமாவின் கட்சி.

எங்கள் கிணறுகளில் தேடலாமே என்றால் சிரிப்பார். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். குடாநாட்டுச் சுண்ணக்கல்லோ அதற்கு நாலு கோடி ஆண்டுக்கு மேல் கழித்துக் கடலடியில் படிந்தது. “அலவாங்கால இடிச்சாலும் சிப்பிதான் வரும், தம்பி. அதாலதான் காசு குடுத்து வாங்கிறன்.”

தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற பொடியள் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள். ஒருமுறை விண் பூட்டி ஏற்றிய ஒரு சிறகுப் பட்டத்தை ஒலிபெருக்கிக்காரர் டைனோசர் என்று அறிவித்துவிட்டார். மாமா சனத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். “அது டெரோசர்! டைனோசர் இல்லை! மாத்திச் சொல்லும்!” அறிவிப்பாளர் மாற்றிச் சொன்னார். ஆனால் டெரோசர் என்று வாயில் வராமல், “டீச்சர் பட்டம்” என்று.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: புத்தகம் கொண்டுபோவதானால் 2020-க்குப் பிந்திய பதிப்பு, தைத்த கட்டு. மாமிக்கு மறக்காமல் ஒரு சேலையும் எடுத்துப் போங்கள்.