நேர்வழிக்கும் காவல் உண்டு

கொல்லிமலை ஏற எங்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் துகள்முடுக்கி ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரானுக்கு மட்டும் 3.2 கி.மீ. நேர்ப்பாதை. என்ன ஓரவஞ்சனை?
*- வாசகர், சேந்தமங்கலம்*

வளைவில் நமக்குத் தலை சுற்றும். அதிவேக எலெக்ட்ரானுக்கோ ஆற்றலே ஒளியாகக் கரையும். அந்த ஒளிக்காகவே இந்தூரில் இண்டஸ்-2 முடுக்கி எலெக்ட்ரானை வட்டமடிக்க வைக்கிறது!

நேரே போனால் தொல்லை இல்லையே?

ஏன் இல்லை? எலெக்ட்ரான்கள் கற்றையாகப் பாய்கின்றன; அதன் ஓரத்தில் சிதறும் துகள்கள், மோதலைப் பதியும் உணர்கருவியைக் குழப்பும். தடுப்புக் கட்டை வைத்து வெட்டலாம். மொத்தக் கற்றையும் தடம்மாறி இடித்தால்? கட்டையே ஓட்டை!

அதற்குத்தான் எண்முனைக் காந்தங்கள். நடுவில் போகும் துகளை அவை சீண்டுவதே இல்லை எனலாம். விலகல் இரட்டித்தால் விசை எட்டு மடங்கு. ஓரத்தை உள்ளே மடக்கிவிட்டால் கட்டையைத் தள்ளி வைக்கலாம். நல்லவரைத் தொடாமல், விலகியவரை விலகிய அளவுக்குத் திருத்தும் சட்டம். நாட்டுக்கும் அதுதான் வேண்டும்.