புள்ளிக்கும் காசு

எங்கள் மாரியம்மன் கோயில் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களும் காலியாகி, சனமெல்லாம் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டது. திருவிழா என்றால் மட்டும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் கைப்பேசியை அம்மாவிடம் நீட்டுவார்கள். ஆகவே, செயலாளர் தமிழில் எழுதும் அறிவிப்பு கோயில் செயலியில் தானாகவே மலாயிலும் வரவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

என் அண்ணன் மகனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். கூகுள் கிளவுட் மொழிபெயர்ப்பை ஒரே ராத்திரியில் மாட்டிவிட்டான். அதன் சாவியைப் பத்திரமாகச் சர்வரில் வைத்தான். பிரவுசருக்குப் போகும் நிரலில் வைப்பது உண்டியல் சாவியைக் கொடிமரத்தில் கட்டுவது போலாம். சமத்துப் பிள்ளை.

ஆனால் செயலாளர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட மலாயும் கூடவே ஓடிவர வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஒவ்வொரு தட்டுக்கும் அதுவரை எழுதியது முழுவதும் கூகுளுக்குப் போகும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. அறிவிப்பு ஆயிரம் எழுத்தைத் தொட்டபோது போய்ச் சேர்ந்தது 500,500 எழுத்து. மாதத்துக்கு இலவசம் 500,000. செயலாளர் இன்னும் 'பக்த கோடிப் பெருமக்களே'வைத் தாண்டிக் கூழ் ஊற்றும் நேரத்துக்குத்தான் வந்திருந்தார்.

தட்டுவது நின்று அரை விநாடி கழித்து அனுப்பு என்று நிரலைத் திருத்தினான். செயலாளரோ ஒற்றை விரல்காரர். ஒரு சொல் எழுதுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், யோசிப்பார். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மொழிபெயர்ப்பு. கடைசியில் 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் வைத்ததும்தான் பிரச்சினை தீர்ந்தது.

பொருளாளருக்குத் தீரவில்லை. அவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பால் எடையில் கால் ராத்தலை விட்டதில்லை. இலவசம் தாண்டினால் ஒரு மில்லியன் எழுத்துக்கு 20 அமெரிக்க டாலர் என்பதைப் படித்தவர், "எழுத்துன்னா எது தம்பி?" என்று பிடித்துக்கொண்டார்.

'மாரியம்மன்' நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பத்து. துணைக்கால் தனி, மேல்விலங்கு தனி, புள்ளி தனி. இடைவெளிக்கும் கணக்கு உண்டு.

"புள்ளிக்குமா காசு?"

ஆயிரம் எழுத்துக்கு இரண்டு சென்ட்தான் என்று எவ்வளவோ சொன்னோம். அடுத்த கூட்டத்தில் கிராணி ஐயா எழுந்து, அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் புள்ளியும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, அறிவிப்பை அப்படியே எழுதினால் என்ன என்று முன்மொழிந்தார். சரித்திரப்படி அவர் சொன்னது சரி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தே தாரிக்கைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

பிறகென்ன, வழக்கமான வழிதான்: உபயம். மாதம் ஒரு குடும்பம் மொழிபெயர்ப்புச் செலவை ஏற்கிறது. பதிலுக்கு ஒவ்வோர் அறிவிப்பின் அடியிலும் உபயகாரர் பெயர், துணைவியார் பெயர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். இந்த மாத உபயகாரர் டத்தோ. பட்டமே ஒரு வரி ஓடுகிறது. தீமிதி அறிவிப்பு நாலு வரி, உபயம் பதினொரு வரி. அது அத்தனையும் மலாயிலும் வரவேண்டுமாம்.

கிராணி ஐயா புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.